பதினாறு சனிக்கிழமை போனால் நண்பன் கிடைப்பானா?

கேள்வி:

என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஒன்பது வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். நன்றாகப் பேசுவான், படிப்பும் மோசமில்லை. மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறான். தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதாமல் பள்ளிக்குக் கிளம்ப மாட்டான். வீட்டுக்கு யார் வந்தாலும் மில்லிமீட்டர் கணக்குதான் பேச்சு. பள்ளியில் நண்பன் என்று ஒருவன்கூட இல்லை. போன மாதம் ஒரு ராத்திரி, "அம்மா, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல என்னை மட்டும் ஏன் சேர்க்கல?" என்று கேட்டான். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இங்கே ஒரு மையத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 'சோஷியல் ஸ்கில்ஸ்' குழு வகுப்பு ஜூலையில் தொடங்குகிறது. 16 சனிக்கிழமை, 24,000 ரூபாய். "90 சதவீதம் மாற்றம் தெரியும்" என்கிறார்கள். கணவரோ "வயசு வந்தா தானா சரியாகும், வீண் செலவு" என்கிறார். வகுப்பு ஆசிரியை "கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்கிறான், கட்டாயம் அனுப்புங்க" என்கிறார். எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதாவது மாடிக்கு வந்து எவ்வளவு மழை என்று கேட்டுவிட்டுப் போவான், ஆனால் அவன் சின்னப் பையன். இந்த வகுப்புக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

— தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா

பதில்:

90 சதவீதம் என்று சொன்னவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எதில் 90 சதவீதம்? வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதிலா, பள்ளியில் மதியச் சாப்பாட்டை யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுவதிலா? இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியதெல்லாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல வருடம் முன்பு நானே நடத்திய ஒரு குழுவில் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படிப் போய்ச் சேருவது என்பது அன்றைய பாடம். முதலில் தள்ளி நின்று கவனிக்கணும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடணும், கொஞ்சம் கிட்டே போகணும், பேச்சில் இடைவெளி விழும்வரை காத்திருக்கணும், அப்புறம் அதே விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லணும். வரிசை மாறாமல் ஒப்பித்தான், நடித்தும் காட்டினான், தாளில் கேட்டதற்கு முழு மதிப்பெண். வகுப்பு முடிந்து வெளியே வந்தால், தண்ணீர் கேன் பக்கத்தில் இரண்டு பையன்கள் முந்தின நாள் மேட்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவன் சுவரோடு ஒட்டி நிற்கிறான். உதடு அசைகிறது, படிகளைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தது, போய்விட்டது. இன்னொன்று விழுந்தது, அதுவும் போயிற்று. அதற்குள் அவன் அப்பா கீழே வண்டியில் வந்து ஹாரன் அடித்துவிட்டார். அந்தப் பையனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவனுக்குப் போட்ட முழு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் முழித்தபடி நின்றேன்.

ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அந்தத் தண்ணீர் கேன் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆட்டிசம் உள்ள சிறுவர், வளரிளம் பருவத்தினருக்கான இத்தகைய குழு வகுப்புகளைப் பற்றிய 19 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2017-ல் வெளியானது. எல்லாமே குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டவை. மொத்தமாகப் பார்த்தால் நடுத்தரமான பலன் இருக்கிறது, சரி. ஆனால் அதை யார் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. பிள்ளைகளே சொன்னதில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அது பெரும்பாலும் "இந்த இடத்தில் என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியும்" என்கிற அறிவில்தான், நடந்துகொள்வதில் இல்லை. பெற்றோர் சொன்னதிலும் வெளியிலிருந்து கவனித்தவர்கள் சொன்னதிலும் சிறிய முன்னேற்றம். பள்ளி ஆசிரியர்கள் சொன்னதில் ஒன்றுமே இல்லை.

பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போய், பணமும் கட்டி, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக்கிடந்த ஒருவரிடம் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால், கண் நல்லதைத்தான் முதலில் பார்க்கும். பையன் எங்கே போகிறான் என்றே தெரியாத கணக்கு வாத்தியாரின் பதில் அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் கண்ணில் படாத மாற்றம் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்று அர்த்தம்.

அதற்கு முன்பே, 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அலசல் ஒன்று வந்தது. அப்போது தேறிய நல்ல ஆய்வுகள் வெறும் ஐந்து, பங்கேற்றவர்கள் 196 பேர், ஐந்துமே அமெரிக்காவில் நடந்தவை. பழகும் திறனிலும் நட்பின் தரத்திலும் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். ஸ்வீடனில் 'கான்டாக்ட்' என்ற பெயரில் 12 வாரக் குழு வகுப்பை 296 பிள்ளைகளிடம் நடத்தி 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கணிப்பில் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளிடம் ஓரளவு பலன் தெரிந்தது, சின்னப் பிள்ளைகளிடம் தெரியவில்லை. அப்புறம் அதையே 24 வாரமாக நீட்டி 50 பேரிடம் செய்து பார்த்தபோது பலன் கூடியது. ஆக, வீண் செலவு என்று உங்கள் கணவர் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் சரியில்லை, அந்த 90 சதவீதமும் சரியில்லை.

உங்களிடம் அவர்கள் சொன்ன 16 வாரக் கணக்கு அனேகமாக 'பியர்ஸ்' திட்டத்திலிருந்து வந்ததாக இருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகிசனும் ஃப்ரெட் ஃப்ராங்கலும் உருவாக்கியது. 2009-ல் வந்த அதன் முதல் ஆய்வில் 33 பிள்ளைகள்தான். தென் கொரியாவில் கொரிய மொழிக்கு மாற்றி 47 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்டார்கள், அங்கேயும் முன்னேற்றம் தெரிந்தது. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், பெரியவர்கள் வழக்கமாக அவிழ்த்துவிடும் அறிவுரைகளை அது ஓரம் கட்டுகிறது. கேலி செய்தால் என்ன செய்யணும்? "கண்டுக்காதே, வாத்தியார்கிட்ட சொல்லு" என்போம். பிள்ளைகள் உலகத்தில் இது எடுபடாது, கேலி இரட்டிப்பாகும். வேறு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், "சரி, அதுக்கென்ன இப்போ?" என்று சலிப்பாக ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதைத்தான் அங்கே பழக்குகிறார்கள். (கை வைக்கிறவனிடம் இது கூடாது. அங்கே பெரியவர்கள் தலையிட்டே ஆகணும், அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்.)

ஆனால் நம்மூருக்கு வரும்போது இதில் ஒரு கூத்து நடக்கிறது. சென்னையில் நான் போய்ப் பார்த்த ஒரு வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில். "ஹாய், மே ஐ ஜாயின் யூ?" என்று அழகாகச் சொல்லப் பழகியிருந்தான் ஒரு பையன். அவன் குடியிருக்கும் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அன்றைக்கே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அங்கே தேவை "டேய், நானும் வரேன்டா, எந்த டீம்?" இந்த 'டா' யாரிடம் போடலாம், யாரிடம் போட்டால் அடி விழும், கூட ஒரு வயசு இருக்கிறவனை அண்ணா என்று கூப்பிடணுமா பெயரைச் சொல்லலாமா, இதெல்லாம் உங்கள் மகனுக்கு இயல்பாகப் பிடிபடாத கணக்குகள். எந்த அமெரிக்கக் கையேட்டிலும் இது இருக்காது. அந்த மையத்தில் தமிழில் நடத்துகிறார்களா, நடித்துக் காட்டும் காட்சிகள் நம் பள்ளி, நம் டியூஷன், நம் பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கிறதா என்று ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

அதைவிட முக்கியம், பெற்றோருக்கு என்ன வேலை தருகிறார்கள் என்பது. பியர்ஸ் திட்டத்தில் பிள்ளைகள் ஓர் அறையில் இருக்கும் அதே ஒன்றரை மணி நேரம் பெற்றோரும் இன்னோர் அறையில் வகுப்பில் இருப்பார்கள். வாராவாரம் இரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் உண்டு. ஒரு பையனை வீட்டுக்குக் கூப்பிடுவது, போனில் பேசுவது, பிள்ளைக்குப் பிடித்த விஷயத்தில் ஆர்வமுள்ள வேறு பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய் விடுவது. என் அனுபவத்தில் ஏதாவது ஒட்டினால் அது இந்த வீட்டுப்பாடத்தால்தான் ஒட்டுகிறது. பெற்றோரை வாசலில் உட்காரவைத்துவிட்டு, முடிந்ததும் "இன்னைக்கு நல்லா பண்ணினான்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற வகுப்பு என்றால் 24,000 ரூபாயை வைத்துக்கொண்டு வேறு வழி பார்க்கலாம். அப்படியே, நடத்துகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, குழுவில் எத்தனை பேர் (ஏழெட்டு, மிஞ்சினால் பத்து), உங்கள் மகன் மாதிரி பேசக்கூடிய, அவன் வயதையொட்டிய பிள்ளைகளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கண் விவகாரம். ஆசிரியை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆட்டிசம் உள்ள பலருக்கு எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்வதையும் கேட்பது இரண்டு வேலை. கண்ணைப் பார்த்தால் காது நிற்கும். பார்க்கச் சொல்லி வற்புறுத்தினால் புருவத்தையோ மூக்கையோ வெறித்துப் பார்க்கப் பழகிக்கொள்வான், பேச்சு ஒன்றும் உள்ளே போகாது. இன்னொன்றும் இருக்கிறது. தன் இயல்பை மறைத்து மற்றவர்கள் மாதிரி நடித்துக்கொண்டே இருப்பதை மாஸ்கிங் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அப்படி அதிகம் மறைக்கிறவர்களிடம் தற்கொலை எண்ணமும் அதிகம் இருப்பது தெரிந்தது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, பயமுறுத்தவும் இதை எழுதவில்லை. ஆனால் கை ஆட்டாதே, மழையைப் பற்றிப் பேசாதே, கண்ணைப் பார், சிரி என்று பட்டியல் போடும் வகுப்பு நடிக்கத்தான் கற்றுத்தருகிறது. அந்த மையத்தின் இலக்குப் பட்டியலில் முதல் வரியே 'ஐ கான்டாக்ட்' என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதெல்லாம் உங்கள் மகனிடம் மட்டும் இருக்கிற கோளாறு என்று நினைப்பதே பாதி தப்பு என்று நான் சொல்வேன். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012-ல் இதைத்தான் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோமே, மற்றவர்களுக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2020-ல் வெளியான ஒரு சோதனை நம் பள்ளிகளில் 'காதோடு காது' விளையாடுவோமே, அது மாதிரிதான். ஒரு கதையை முதல் ஆளிடம் சொல்லி, எட்டு பேர் வழியாகக் கடத்தினார்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், யாருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத் தப்பிப் பிழைத்தது. இரண்டு தரப்பையும் மாற்றி மாற்றி நிறுத்திய வரிசையில்தான் அதிகமாகச் சிதைந்தது. அமெரிக்காவில் 2017-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் காட்சியைச் சில விநாடிகள் பார்த்ததுமே "இவரோடு பழகத் தோன்றவில்லை" என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த ஒதுக்கல் காணாமல் போய்விட்டது. உங்கள் மகன் சொல்வதில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குரலையும் முகத்தையும் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். அதை மாற்ற அவனை மட்டும் வகுப்புக்கு அனுப்பினால் எப்படி? 6 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 60 பேரிடம் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்து 2012-ல் வந்த ஆய்வில், அந்தப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்ததைவிட, கூடப் படிக்கும் மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் பலன் அதிகம். உங்கள் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள்தான், ஆனாலும் ஆசிரியையிடம் பேச இது போதும். கண்ணைப் பார்க்கவைப்பதை விட்டுவிட்டு, குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது இவனைப் பொறுமையான இரண்டு பேரோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். ஆட்டிசம் என்று வகுப்பில் அறிவிக்கச் சொல்லவேண்டாம், அது அவன் சம்மதம் இல்லாமல் நடக்கவே கூடாது.

அந்த வாட்ஸ்அப் குரூப் கேள்விக்கு வருகிறேன். உங்களைத் தூங்கவிடாத கேள்விதான், எனக்கு அது நல்ல செய்தியாகவும் படுகிறது. தனியாக இருப்பதே போதும் என்று சந்தோஷமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களை இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைப்பது அநியாயம். உங்கள் மகனுக்கு வேண்டியிருக்கிறது, வாய்விட்டுக் கேட்டும்விட்டான். கணவரிடமும் இதைச் சொல்லுங்கள். வயது வந்தால் சிலது பழகும், உண்மைதான். ஆனால் வெளியே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே வயது வருவது லேசான காரியமில்லை. குரூப்பைப் பொறுத்தவரை, முதலில் சாதாரணமான ஒன்றைப் பாருங்கள்: அவன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? நான் பார்த்த இரண்டு பையன்கள் விஷயத்தில் அவ்வளவுதான் காரணம். லீடரிடம் நம்பரைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்ல அவனையே பழக்குங்கள். சேர்ந்தபின் அங்கேயும் எழுதாத சட்டங்கள் உண்டு. யாரும் கேட்காமல் ஒரு நாளைக்கு எட்டு தடவை மழை அளவு போடக்கூடாது, ஆனால் "நாளைக்கு லீவு விடுவாங்களா?" என்று யாராவது கேட்டால் அப்போது பேசவேண்டிய ஆளே அவன்தான்.

வகுப்புக்குப் போக விருப்பமா என்று அவனைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள், பதில் யோசித்து எழுத இரண்டு நாள் கொடுங்கள். சரி என்றால், நான் மேலே சொன்னதெல்லாம் அந்த மையத்தில் ஒத்துவந்தால், அனுப்புங்கள். ஜூலையில் தொடங்கினால் அக்டோபரில் முடிந்துவிடும், பொதுத்தேர்வு நெருக்கடிக்கு முன்பே. நாலு வாரம் கழித்து, சனிக்கிழமை வந்தாலே வயிற்று வலி, வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றால் நிறுத்திவிடுங்கள், கட்டின பணம் போகட்டும். பலன் உண்டா என்று பார்க்க அவர்கள் தரும் மார்க் ஷீட் வேண்டாம். இந்த மாதம் அவனை யாராவது தேடி வந்தார்களா, அவன் யாரையாவது தேடிப் போனானா என்று எண்ணுங்கள். இப்போதே எண்ணி வைத்தால்தான் அக்டோபரில் ஒப்பிட முடியும்.

இப்போதைய எண்ணிக்கை பூஜ்யம் என்றுதானே நினைக்கிறீர்கள்? கடிதத்தின் கடைசியில், "சின்னப் பையன்" என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்களே, அந்த எதிர்வீட்டுப் பையனை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? யாரும் அனுப்பாமல், எந்த வகுப்பும் நடத்தாமல், உங்கள் மகனிடம் அவனுக்குப் பிடித்த கேள்வியைக் கேட்க ஒருவன் மாடிப்படி ஏறி வருகிறான். இரண்டு வயது வித்தியாசத்துக்காக அதை விடுவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொல்லுங்கள், உங்கள் மகன் வாயாலேயே கூப்பிடட்டும். ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடணும். உட்கார்ந்து பேசச் சொன்னால் பேச்சு நிற்கும், கைக்கு வேலை இருந்தால் தானாக வரும். ஒரு புனலும் அடி தட்டையான பாட்டிலும் ஸ்கேலும் கொடுத்து, எதிர்வீட்டு மாடிக்கும் ஒரு மழைமானி செய்யச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் "எத்தனை மார்க்கு வாங்குற?" என்று கேட்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களும் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் சாயங்கால இடிமழைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. அடுத்த மழைக்கு மறுநாள் காலை 8.30-க்கு இரண்டு மாடியிலும் அளந்தால் அனேகமாக ஒரே எண் வராது. யாருடையது சரி என்று சண்டை வந்தால் பிரித்துவிட ஓடாதீர்கள். என்ன எண் வந்தது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.